பஞ்சுக்குள்ள ஒரு காயிதம்

கோவக்காரன் ஒருத்தன் ஊசி பிடிக்கக் கத்துக்கப் போனான்.

பேரு முருகையன். பட்டுக்கோட்டைல டூவீலர் மெக்கானிக். வயசு நாப்பத்தி நாலு. ரிப்பேருக்கு வண்டி கொண்டாந்தா வண்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசுவான், ஓட்டுனவன் லட்சணத்தப் பத்தி ஒம்பது வார்த்தை பேசுவான். வேலை சுத்தம்ங்கறதால சனம் பல்லக் கடிச்சிக்கிட்டு வந்துக்கிட்டுதான் இருந்துச்சு.

அவனுக்கு வாய்ச்ச டீச்சர் பேரு ஜெசிந்தா. இருபத்தி நாலு வயசு. மணிக்கூண்டுக்குப் பின்னால ஒரு செல்போன் கடை மாடில தையல் வகுப்பு நடத்துறவ. காதலர் தினம் வருதுன்னா அஞ்சு நாளைக்குத் தனி வகுப்பு ஒண்ணு போடுவா. மெஷின் கிடையாது, கைத்தையல்தான். உள்ளங்கை அளவுக்குத் துணில ஒரு ஹார்ட்டு, உள்ள பஞ்சு, மேல பேரு. அவ்வளவுதான்.

பிப்ரவரி பத்தாந் தேதி முருகையன் மாடி ஏறி வந்து நின்னப்ப, உள்ள இருந்த எட்டுப் பொண்ணுங்களும் ஊசிய நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்துச்சுங்க. எல்லாம் காலேஜ் புள்ளைங்க.

"ஃபேன் ரிப்பேருக்கு வந்தீங்களா அங்கிள்?" பர்வீன்னு ஒரு பொண்ணு கேட்டா.

"யாருக்கு யாரு அங்கிள்? தைக்க வந்திருக்கேன். தள்ளி உக்காரு."

பொண்ணுங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சுச்சுங்க. டீச்சர் சிரிக்கல.

"யாருக்குத் தைக்கறீங்கண்ணே?"

"வீட்டுக்காரிக்கு."

"எத்தன நாளா பேசல?"

முருகையனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. பேசிக்கிட்டிருக்கற பொண்டாட்டிக்கு ஒர்க்‌ஷாப்ப சாத்திட்டு வந்து தைக்கமாட்டாங்க."

அவ சரியாச் சொன்னதுதான் அவனுக்கு எரிச்சலா இருந்துச்சு.

"இருபத்திரெண்டு நாளு"ன்னான்.

விஷயம் இதுதான். அவன் சம்சாரம் மங்கை, ஒரு ஆஸ்பத்திரில நர்சுங்களுக்கு ஒத்தாசையா பதினாறு வருசமா வேலை பாத்தவ. மஸ்கட்ல ஆளு எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, புருசங்கிட்ட மூச்சு விடாம பரீட்ச எழுதிப் பாஸும் பண்ணிட்டா. மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துல, பந்தில பாயசம் ஊத்திக்கிட்டே அதச் சொன்னா. சொந்தக்காரங்கள்லாம் கைதட்டினாங்க. முருகையன் இலைல இருந்து நிமிந்து பாத்துச் சத்தமாச் சொன்னான்:

"பெட்பேன் கழுவறதுக்குப் பாஸ்போர்ட்டு ஒரு கேடா?"

பந்தியே சிரிச்சிச்சு. மங்கை பாயச வாளியக் கீழ வச்சா. வச்சவதான். அன்னிலேருந்து அவங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. சோறு மேசைல இருக்கும், அவ இருக்கமாட்டா. இப்ப விசா வந்தாச்சு. பதினாலாந் தேதி மூணு மணிக்குக் கார் வருது, திருச்சி ஏர்போர்ட்டுக்கு. போனா ரெண்டு வருசம்.

அவ பேசாமயே போயிட்டாள்னா? அந்த பயத்துலதான் அவன் மாடி ஏறினான்.

"நாலே நாள்ல பூப்போட்டு நல்லா தைக்கக் கத்துக் குடுத்துருவீங்களா டீச்சரம்மா?"

டீச்சர் அவன் கையப் பாத்தா. நகத்துக்குள்ள எல்லாம் கிரீஸு. ஒரு வெள்ளத் துணியெடுத்து அவங்கிட்ட குடுத்தா.

"என்ன தைக்கட்டும்?"

"தைக்க வேணாம். சும்மா பிடிச்சுக்கிட்டு இருங்க."

அஞ்சு நிமிசம் பிடிச்சுக்கிட்டு இருந்தான். பாத்தா துணி பூரா கருப்புக் கருப்பா அவன் விரலு.

"சோப்பு போட்டுத்தான் வந்தேன்!"

"ம்."

"மெக்கானிக் கை இப்படித்தான் இருக்கும். உழைக்கற கை. வெள்ளத் துணியக் குடுத்தது உங்க தப்பு."

டீச்சர் இன்னொரு வெள்ளத் துணியெடுத்துக் குடுத்தா. அன்னிக்குப் பூரா அவன் ஊசியவே தொடல. குழாயடிக்கும் நாற்காலிக்கும் ஏழு தடவை நடந்தான். கடைசித் துணி வெள்ளையாவே இருந்துச்சு.

அந்த வகுப்புல ஒரு சட்டம் உண்டு. தச்சு முடிச்ச எந்த ஹார்ட்டும் டீச்சர் கன்னத்துல படாம மாடிய விட்டு எறங்கக் கூடாது. கையில வாங்குவா. கன்னத்துல வச்சு அமுக்குவா, முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை. அப்பறந்தான் குடுப்பா.

"இது என்னா கூத்து? ஆசீர்வாதமா?" முருகையன் பர்வீங்கிட்ட கேட்டான்.

"உள்ள குண்டூசி மாட்டிக்கிட்டா தெரியாதுல்ல அங்கிள். போன வருசம் யாரோ ஒரு பொண்ணு தச்ச பொம்மைல ஊசி இருந்துச்சாம். வாங்குனவங்க வீட்டுக் கொழந்தைக்குக் குத்திருச்சாம். அதுலேருந்து இப்படி."

"கன்னத்துல குத்துமே?"

"குத்தினா டீச்சர் கன்னத்துலதான குத்தும்."

ரெண்டாம் நாளு அவனுக்கு ரெண்டு துண்டு துணி கிடைச்சுச்சு. நல்ல பக்கம் உள்ள, ரெண்டையும் சேத்து, ஓரமா சுத்தித் தைக்கணும். முருகையன் தச்சான். நட்டு முடுக்கற மாதிரி ஒவ்வொரு தையலுக்கும் நூல இழுத்து இறுக்கினான். துணி கருவாடு மாதிரி சுருண்டுக்கிச்சு.

"உங்க துணி சரியில்ல"ன்னான்.

"என்ன ஆச்சுண்ணே?"

"சுருங்குது. நூலு மட்டம். எங்க ஒர்க்‌ஷாப்புல இந்த மாதிரி சாமான வாசலோட திருப்பி அனுப்பிருவோம்."

டீச்சர் கத்திரியால நடுவுல ஒரே ஒரு தையல வெட்டினா. அவ்வளவுதான். சுருண்ட துணி தானா நிமிந்து படுத்துச்சு.

முருகையன் அத எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"சொல்லிக் குடுத்துருக்கலாம்ல முன்னாடியே?"

"சொன்னேன். நீங்க அப்ப நூலு மட்டம்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

பொண்ணுங்க மறுபடி வாயப் பொத்திச்சுங்க. இந்த டீச்சர் திமிர் பிடிச்சவன்னு அவனுக்கு அப்பவே பட்டுருச்சு. ஆனா நாளு ஓடிக்கிட்டு இருக்கு. வீட்டுல பெட்டி திறந்து கெடக்கு, மங்கை நாளுக்கு ரெண்டு புடவையா மடிச்சு வைக்கறா. அவன் பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்தான்.

மூணாம் நாளு அழகாத் தச்சான். தையல் வரிசையா எறும்பு மாதிரி போச்சு. சுத்தி வந்து, தொடங்குன எடத்துலயே கொண்டாந்து முடிச்சும் போட்டுட்டான். நெஞ்ச நிமித்திக்கிட்டு டீச்சர்கிட்ட நீட்டினான்.

"பிரமாதம்ண்ணே. இப்ப திருப்புங்க."

நல்ல பக்கம் உள்ள இருக்கு. அத வெளிய கொண்டாரணும். அதுக்கு ரெண்டு விரல் போற அளவு தைக்காம விட்டிருக்கணும். முருகையன் விடல. ஹார்ட்டச் சுத்திச் சுத்திப் பாத்தான். எறும்பு போறதுக்குக் கூட வழி இல்ல.

"எல்லாத்தையும் அடைச்சிட்டீங்களே அங்கிள்!" பர்வீன் விழுந்து விழுந்து சிரிச்சா.

"சிரிக்காத. மூஞ்சியப் பாரு. உன் ஸ்கூட்டிய இனிமே எங்கிட்ட கொண்டாராத."

"எங்கிட்ட ஸ்கூட்டி இல்ல அங்கிள்."

"அப்ப வாங்காத!"

மூணு மணி நேர வேலை. ஒவ்வொரு தையலா அவனே பிரிச்சான். நாளைக்கும் மறுநாளும்தான் இருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் எல்லாப் பொண்ணுங்களும் போனப்பறம் அவன் மட்டும் எந்திரிக்காம உக்காந்திருந்தான்.

"டீச்சரே, நேராக் கேக்கறேன். இதக் குடுத்தா அவ பேசுவாளா மாட்டாளா?"

டீச்சர் குண்டூசிய எண்ணிக்கிட்டு இருந்தா.

"எனக்குத் தெரியும் அவ எப்படின்னு. நான் குடுப்பேன். 'இது எதுக்கு இப்ப?'ம்பா. சும்மாதாம்பேன். 'ஊரு முன்னாடி அசிங்கப்படுத்திட்டு தனியாக் குடுக்கறீங்களா?'ம்பா. 'நீ மட்டும் எங்கிட்ட கேட்டுக்கிட்டா பரீட்ச எழுதினே?'ம்பேன். 'கேட்டா விட்டிருப்பீங்களா?'ம்பா. அதுக்கு நான்..."

"இருங்கண்ணே. ஒரு குண்டூசி குறையுது."

"நான் என்னா பேசிக்கிட்டு இருக்கேன், நீ குண்டூசி தேடுற?"

"காலத் தூக்குங்க."

அவன் செருப்புக்கு அடில கெடந்துச்சு. டீச்சர் குனிஞ்சு எடுத்துப் பெட்டில குத்தினா. அவன் கேட்ட கேள்விக்கு அன்னிக்குப் பதில் வரல.

நாலாம் நாளு செவப்புப் பாப்ளின் துணி குடுத்தா. அதுல சங்கிலித் தையலால 'மங்கை'ன்னு போட்டான் முருகையன். போட்டு முடிச்சுட்டு ரொம்ப நேரம் பாத்தான். கண்ணு கலங்கற மாதிரி இருந்துச்சு. ஒடனே "இந்த ட்யூப்லைட் சரியில்ல"ன்னான். யாரும் சிரிக்கல. பர்வீன் கூட.

வீட்டுக்குப் போற வழில அவனுக்கு ஒரு யோசனை வந்துச்சு.

அவன் பக்க நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? அத யாரு சொல்றது? நேர்ல சொன்னா அவ காது குடுக்கமாட்டா. அதனால ஒர்க்‌ஷாப் பில் புஸ்தகத்துலேருந்து ஒரு தாளு கிழிச்சான். நம்பர் போட்டு எழுதினான். ஒண்ணு, எங்கிட்ட சொல்லாம பரீட்ச எழுதினது உன் தப்பு. நாலு, அன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும் எனக்கு எல போடல, பசி. ஏழு, சிரிச்சது ஒங்கண்ணன், அவன யாரும் கேக்கல. இப்படிப் பத்து பாயிண்டு. பத்தாவது, இவ்வளவுக்கும் அப்பறம் நாந்தான் எறங்கி வர்றேன், அத ஞாபகம் வச்சுக்க.

நாலா எட்டா மடிச்சான். பஞ்சுக்கு நடுவுல வச்சுத் தச்சிருவோம். மஸ்கட்ல ஒரு நாளு தையல் விட்டுப் போகும், எடுத்துப் படிப்பா, புரிஞ்சுக்குவா. அவனுக்கு அவன் மூளைய நெனச்சுப் பெருமையா இருந்துச்சு.

பதினாலாந் தேதி.

காலைல மங்கை பெட்டிய மூடிட்டா. பூட்டுப் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. முருகையன் வாசல்ல நின்னுக்கிட்டு "நான் வந்துர்றேன்"ன்னு யாருக்குன்னு இல்லாம சொல்லிட்டுக் கெளம்பினான்.

மாடில ஒரே கூட்டம். எல்லாருக்கும் அன்னிக்கே குடுக்கணும். பஞ்சு மூட்டையச் சுத்திப் பொண்ணுங்க. முருகையன் மூலைல சொவத்தப் பாத்து உக்காந்தான். முந்தின நாளே ரெண்டு விரல் வழி விட்டுச் சுத்தித் தச்சிருந்த ஹார்ட்டத் திருப்பினான். பென்சிலால நுனியத் தள்ளினான். கொஞ்சம் பஞ்சு. அப்பறம் சட்டப் பையிலேருந்து தாளு. அதுக்கு மேல மறுபடி பஞ்சு. ஓரத்த உள்ள மடிச்சு, வெளிய தெரியாத மாதிரித் தையல் போட்டு மூடினான். அவன் தச்சதுலயே அதுதான் நல்லா வந்துச்சு.

மணி ஒண்ணே கால். மெதுவா எந்திரிச்சு மாடிப்படிப் பக்கம் நடந்தான்.

"அண்ணே. கன்னம்."

"அட, நான் எண்ணிட்டேன் டீச்சர். பத்துக் குண்டூசியும் பெட்டில இருக்கு. நேரமாச்சு."

"குடுங்க."

எல்லாரும் பாக்கறாங்க. குடுத்தான். டீச்சர் வாங்கி, முதல்ல தையலப் பாத்தா. "நல்லா மூடியிருக்கீங்க"ன்னா. கன்னத்துல வச்சு அமுக்கினா.

நிறுத்தினா. திருப்பி வச்சு மறுபடி அமுக்கினா.

"உள்ள குத்துதுண்ணே."

"ஊசி இல்லங்கறேன்ல!"

"ஊசி இல்ல. ஆனா குத்துது. மொறமொறங்குது."

பொண்ணுங்க எல்லாம் இந்தப் பக்கம் திரும்பிச்சுங்க.

"காயிதம்"ன்னான் முருகையன். "ஒரு காயிதம் வச்சேன். அதுல என்னா தப்பு? என் பொண்டாட்டிக்கு நான் எழுதினது."

"என்ன எழுதினீங்கன்னு நான் கேக்கலயே."

"கேக்காமயே கேக்கற. உன் மூஞ்சி கேக்குது. சின்னப் பொண்ணு நீ, ஒனக்கு என்னா தெரியும் குடும்பத்தப் பத்தி? பதினெட்டு வருசம் நான் குடும்பம் நடத்தியிருக்கேன். என் பக்கமும் அவளுக்குத் தெரியணும்ல?"

"தெரியணும்."

"அப்பறம்?"

"அங்க போயி இத எங்க வச்சுப்பாங்கண்ணே?"

"எங்க வச்சுப்பா... தலகாணிகிட்டதான் வச்சுப்பா. எங்க பய ஹாஸ்டலுக்குப் போனப்ப அவன் பழைய சட்டைய ஒரு மாசம் அப்படித்தான் வச்சிருந்தா. கன்னத்துக்கு அணைவா வச்சுக்கிட்டுத் தூங்கு..."

வார்த்தை பாதில நின்னுச்சு.

டீச்சர் ஹார்ட்ட அவங்கிட்ட நீட்டினா.

அவன் வெடுக்குன்னு பிடுங்கினான். "இப்படியே எடுத்துட்டுப் போனா என்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். உங்க ஹார்ட்டு."

"போறேன்."

"சரிண்ணே."

தடதடன்னு படி எறங்கினான். சட்டப் பையில ஹார்ட்டப் போட்டுக்கிட்டு வண்டில உக்காந்தான். கிக்கர உதைக்கக் குனிஞ்சான். பையில மொறமொறன்னுச்சு. நிமிந்தான். மறுபடி குனிஞ்சான். மறுபடி மொறமொறன்னுச்சு.

செல்போன் கடைக்காரன் வெளிய வந்து, "ஸ்டார்ட் ஆவலயா மெக்கானிக்கு?"ன்னு இளிச்சான்.

"ஒன் வேலயப் பாரு!"

சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு, ஹார்ட்ட எடுத்துத் தன் கன்னத்துல வச்சான். மெத்துன்னு இருந்துச்சு. அமுக்கினான். மடிச்ச தாளோட முனை, சரியா கன்ன எலும்புல வந்து இடிச்சுச்சு. அந்தப் பக்கம் திருப்பினான். அங்கயும் ஒரு முனை.

ஒண்ணே முக்காலுக்கு மறுபடி மாடி ஏறினான். டீச்சர் அவன் உக்கார்ற எடத்துல சின்னக் கத்திரிய எடுத்து வச்சிருந்தா. திரும்பி வருவான்னு தெரியும் போல. அதுக்கும் ஒரு சண்டை போட்டிருப்பான், நேரம் இல்ல.

வெட்டினான். தாள இழுத்தான். அது தனியா வரல. பஞ்சக் கவ்விக்கிட்டு வந்துச்சு. ஃபேன் காத்துல பாதிப் பஞ்சு பறந்து ஜன்னல் வழியா தெருவுக்குப் போயிருச்சு. பர்வீன் எந்திரிச்சுத் தாவித் தாவிப் பிடிச்சா. ஒரு பிடி கூடத் தேறல.

"பஞ்சு! டீச்சர், பஞ்சு குடு!"

"தீந்துருச்சுண்ணே."

"தீந்துருச்சா? மூட்டை நிறைய இருந்துச்சே!"

"எல்லாரும் வச்சுத் தச்சுட்டாங்க. உங்களுதுதான் கடைசி."

"அப்ப இந்த எடத்துக்கு? காயிதம் இருந்த எடத்துக்கு என்னாத்த வைக்கறது?"

டீச்சர் ஊசில நூலக் கோத்து அவங்கிட்ட குடுத்தா.

மணி ரெண்டு அஞ்சு. அவன் தச்சான். அவசரத்துல ஊசி கட்டை வெரல்ல ஆழமா ஏறிருச்சு. உறிஞ்சித் துப்பிட்டுத் தச்சான். மூடினான். முடிச்சுப் போட்டான். டீச்சர் வாங்கிக் கன்னத்துல வச்சா, முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை. திருப்பிக் குடுத்தா.

முருகையன் அத உள்ளங்கைல வச்சுப் பாத்தான். அவன் நாலு நாளா மனசுல வச்சிருந்தது கும்முன்னு ஒரு ஹார்ட்டு. இது காத்து போன ட்யூபு மாதிரி ஒரு பக்கமா தொவண்டு கெடந்துச்சு.

"பாரு! பாரு இத! டெய்லர் கடையில பத்து வயசுப் பய தச்சிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். இத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடுப்பேன்? இதப் பாத்தா அவ என்னா சொல்லுவா தெரியுமா உனக்கு? 'இத ஒழுங்காத் தைக்கக் கூடத் துப்பில்ல'ம்பா. 'நாலு நாளா இதுக்குத்தான் போனீங்களா'ம்பா. 'எனக்கு ஃபிளைட்டுக்கு நேரமாச்சு'ம்பா. சொல்லு, அவ என்னா சொல்லுவான்னு சொல்லு பாப்போம்!"

ஜெசிந்தா குண்டூசிப் பெட்டிய மூடினா.

"அத அவங்க சொல்லட்டும்ண்ணே."

அவன் வீட்டுக்கு வந்தப்ப கார் வாசல்ல நின்னுச்சு. டிரைவர் பெட்டிய டிக்கில ஏத்திக்கிட்டு இருந்தான். மங்கை பச்சப் புடவை கட்டிக்கிட்டு, தோள்ல ஒரு பையோட படில நின்னா. அவன் வண்டிய ஸ்டாண்டு போட மறந்துட்டு எறங்கினான். வண்டி சாஞ்சு விழுந்துச்சு. அதத் தூக்கக் கூடத் தோணல.

ஹார்ட்ட நீட்டினான்.

"நான் அன்னிக்குப் பந்தில சொன்னது தப்பு"ன்னான்.

பதினெட்டு வருசமா அவன் தப்புன்னு சொன்ன எல்லாத்துக்கும் பின்னால ஒரு 'ஆனா' ஒட்டிக்கிட்டு வரும். இப்பவும் வந்துச்சு. தொண்டைல ஏறிச்சு, நாக்குக்கு வந்துச்சு, பல்லுல முட்டிச்சு. பத்து பாயிண்டும் பின்பக்கப் பையில இருக்கு. அவன் ஒதட்ட இறுக்கி மூடிக்கிட்டு நின்னான். நெத்தி நரம்பு தெறிச்சுச்சு.

மங்கை ஹார்ட்ட வாங்கல. அத நீட்டிக்கிட்டு இருந்த கையப் பாத்தா.

டிரைவர், "அம்மா, செக்-இன் இருக்கும்மா"ன்னான்.

அவ தோள்ல இருந்த பையக் கீழ எறக்கி வச்சா.

"கையக் காமிங்க"ன்னா.

முருகையனுக்குப் புரியல. அவளே அவன் மணிக்கட்டப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பினா. கட்டை வெரல அமுக்கினா. ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சு.

"புது ஊசியா? துருப்பிடிச்சதா?"

அவன் தலைய ஆட்டினான். எதுக்கு ஆட்டினான்னு அவனுக்கே தெரியல.

"டி.டி. ஊசி போட்டு எத்தன வருசம் ஆச்சு?"

அவ என்ன கேட்டா என்ன சொல்றதுன்னு நாப்பது பதிலு வச்சிருந்தவன். இதுக்கு ஒண்ணு கூட இல்ல. டிரைவர் ஹாரன் அடிச்சான். மங்கை கைய விடல.